மழை ஆளும் கடற்கழி

நியூசிலாந்து நாட்டின் தெற்குத் தீவில், தென்மேற்கு ஓரத்தில், மலைகளுக்கிடையே கடல் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உள்நோக்கிப் புகுந்துள்ளது. ‘மில்ஃபோர்டு சவுண்டு’ என்பது அதன் பெயர். ஆற்றுப் பள்ளத்தாக்கில் கடல் புகுந்து உண்டான கழியையே ‘சவுண்டு’ என்பர். இங்கே பாறையைக் குடைந்தது ஆறன்று, பனியாறு. பனியூழிக் காலத்தில் மலைகளில் குவிந்த பனி, பாறையை அரைத்துக்கொண்டே கடலை நோக்கி நகர்ந்தது. பின்னர்ப் பனி உருகிக் கடல்மட்டம் உயர, அப்பள்ளத்தைக் கடல்நீர் நிரப்பியது. இத்தகைய கழிக்கு ‘ஃபியோர்டு’ என்பதே உரிய பெயர். பெயரிட்டோர் செய்த பிழை இன்றும் நிலைத்திருக்கிறது.

மலையைக் குடைந்து 1954இல் திறக்கப்பட்ட ஹோமர் சுரங்கப்பாதையைக் கடந்து கீழிறங்கினால் இக்கழியை அடையலாம். நீரிலிருந்து நேரே எழும் மைட்டர் சிகரத்தின் உயரம் ஏறத்தாழ 1,690 மீட்டர். ஆயினும், சிகரம் முழுமையாகத் தெரியும் நாள்கள் குறைவு. டாஸ்மன் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலைகளில் மோதி மேலெழுந்து குளிர்வதால், ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கும் மிகுதியாக மழை பொழிகிறது.

மழையால் பயணம் கெட்டதென வருந்துவோர் அறியாதது ஒன்றுண்டு. இக்கழியின் அழகுக்கு மழையே காரணம். போவன், ஸ்டெர்லிங் ஆகிய இரண்டு அருவிகளே எந்நாளும் வற்றாது வீழ்வன. இரண்டும் 150 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுடையவை. பெரும் பனியாற்றின் ஆழத்திற்குக் கிளைப் பனியாறுகளால் குடைய இயலவில்லை. அதனால் அவற்றின் பள்ளத்தாக்குகள் மலைச்சுவரில் உயரத்திலேயே நின்றுவிட்டன. அத்தகைய தொங்கு பள்ளத்தாக்கிலிருந்தே ஸ்டெர்லிங் அருவி குதிக்கிறது. மழை வலுத்த நாளிலோ பாறைமுகமெங்கும் நூற்றுக்கணக்கான வெள்ளிழைகள் தோன்றும். மழை ஓய்ந்ததும் மறையும்.

மழையின் ஆட்சி நீருக்கடியிலும் தொடர்கிறது. காட்டின் மட்கிய இலைகளில் ஊறிவரும் மழைநீர் தேயிலை வடிநீரின் நிறம் பெற்று, கனமான உப்புநீரின்மேல் தனிப்படலமாக மிதக்கிறது. இது கதிரொளியை மறைப்பதால், ஆழ்கடலின் இருளில் வாழவேண்டிய கரும்பவளம் இங்குச் சில மீட்டர் ஆழத்திலேயே வளர்கிறது. உயிருள்ளபோது அது வெண்ணிறமாகவே தோன்றும். அதன் எலும்புக்கூடே கருமை. ஹாரிசன் குடாவில் அமைக்கப்பட்ட நீரடிக் காட்சிக்கூடம், உடை நனையாமல் அதனைக் காண வழிசெய்தது.

படகிலும் துடுப்புத் தோணியிலும் செல்வோர் பாறைமேல் துயிலும் உரோமச் சீல்களையும், துள்ளும் டால்பின்களையும், மஞ்சள் புருவம் கொண்ட டவாக்கி பென்குவின்களையும் காணக்கூடும். நடைப்பயணிகளுக்கு 53.5 கிலோமீட்டர் நீளமுள்ள மில்ஃபோர்டு நடைபாதை உண்டு. நான்கு நாள் நடை. கோடையில் முன்பதிவு செய்தோர் மட்டுமே, அதுவும் ஒரே திசையில், நடக்கலாம்.

மாவோரி மக்கள் இக்கழியைப் ‘பியோபியோட்டாகி’ என்பர். ‘ஒற்றைப் பியோபியோ’ என்பது பொருள். தன் தலைவனாகிய மாவி இறந்ததும் துயருற்ற பியோபியோ பறவை தனியே இங்குப் பறந்து வந்ததென்பது அவர்கள் கதை. இன்று அவ்வொற்றைப் பறவையும் இல்லை. கப்பல்களில் வந்த எலிகளும், முயல்களை ஒழிக்கவெனக் குடியேற்றக்காரர்கள் கொணர்ந்த ‘ஸ்டோட்’ என்னும் கீரி போன்ற சிறுவிலங்கும் அதன் கூடுகளைச் சூறையாடின, அவ்வினமே அற்றுப்போயிற்று. டவாக்கியும் நிலத்தில் முட்டையிடும் பறவையே. ஆகவே, இப்பகுதிக் காடுகளில் ஸ்டோட்டைப் பிடிக்கும் மரப்பெட்டிப் பொறிகள் வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. அவற்றினுள் இரையாக வைக்கப்படுவதும் முட்டையே.