கைக்குண்டு எங்கே வெடித்தது?

ஜனவரி 24 நெருங்கினால் திருகோணமலையிலிருந்து வரும் வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பம் தலைகாட்டுகிறது. போர்க்காலப் பொய்யைக் கேலிச்சித்திரம் எப்படி முறியடிக்கும்? அதுவே மிகைப்படுத்தல்தானே? 2024 இல் இதே திகதியில்தான் இலங்கை நாடாளுமன்றம், இணையத்தில் வரும் 'பொய்யான கூற்று'களைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்பின் கேள்வியோடு அச்சமும் சேர்ந்துவிட்டது.

2006 ஜனவரி 2 மாலை, திருகோணமலையில் காந்தி சிலையருகே கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வைத்திருந்த கைக்குண்டு வெடித்து அவர்களே இறந்ததாகப் படைத்தரப்பு சொன்னது. வாசிக்கும்போது அந்த வாக்கியத்தில் குறை தெரியாது. அதை வரையச் சொன்னால் ஓவியர் திணறுவார். குண்டு யாருடைய கையில்? அந்தக் கை என்னவானது? பக்கத்தில் நின்றவருக்கு எங்கே காயம்? சீருடைக்காரர்களை எந்த மூலையில் நிறுத்துவது? அறிக்கை இவற்றைச் சொல்லாமல் கடந்துபோகலாம். படத்தில் ஒவ்வோர் உடலுக்கும் ஓர் இடம் கொடுத்தே ஆகவேண்டும். கேலிச்சித்திரத்தின் பலம் இந்தக் கட்டாயத்திலிருந்து வருகிறது. பெரிய மூக்கும் தொப்பையும் அதற்குப் பிறகுதான்.

1939 செப்டெம்பரில் சோவியத் படைகள் போலந்துக்குள் நுழைந்தபோது, அங்குள்ள உக்ரைனியரையும் பெலருசியரையும் காக்கவே போவதாக மொஸ்கோ அறிவித்தது. டேவிட் லோ லண்டன் ஈவினிங் ஸ்டாண்டர்ட் நாளிதழில் செப்டெம்பர் 20 அன்று வரைந்த படத்தில் ஹிட்லரும் ஸ்டாலினும் தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணங்கிக்கொள்கிறார்கள். இருவருக்கும் நடுவே ஒரு பிணம் கிடக்கிறது. மொஸ்கோவின் அறிவிப்பு விட்டுவிட்டதை லோ தரையில் கிடத்திக் காட்டினார். அவ்வளவுதான் அவர் செய்தது, அதுவே போதுமாக இருந்தது.

ஆனாலும் வரைபவருக்கு முன்னால் யாரோ ஒருவர் போய் உண்மையைப் பார்த்திருக்க வேண்டும். திருகோணமலையில் அவர் ஊடகவியலாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். மாணவர்களின் உடல்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருப்பதை அவர் எடுத்த படங்கள் காட்டின. சுடர் ஒளி நாளிதழ் அவற்றை வெளியிட்டது. கைக்குண்டுக் கதை அத்தோடு குலைந்தது. ஜனவரி 24 காலை, வேலைக்குப் போக பஸ்ஸுக்குக் காத்து நின்றவரைச் சுட்டுக் கொன்றார்கள். மாணவர் கொலை வழக்கில் 13 சந்தேகநபர்களும் 2019 இல் விடுவிக்கப்பட்டார்கள்.

சுகிர்தராஜன் எடுத்த படங்கள் இல்லாதிருந்தால்? மாணவன் கையில் குண்டைக் கொடுத்தும் ஒருவர் இதே திறமையோடு வரைந்திருக்க முடியும். நாஜிகளின் 'டெர் ஸ்டூர்மர்' இதழ் யூதர்மீது பொய்ப்பழி சுமத்தியதும் கேலிச்சித்திரங்களால்தான். கட்டுரையாளரை உண்மையில் உறுத்துவது இதுதான்: ஆதாரம் கையில் இல்லாத கேலிச்சித்திரம் எந்தப் பக்கமும் சாயும்.

சுகிர்தராஜன் கொல்லப்பட்டு சரியாக நான்கு ஆண்டுகள் கழித்து, 2010 ஜனவரி 24 அன்று, கேலிச்சித்திரக்காரரும் எழுத்தாளருமான பிரகீத் எக்னெலிகொட காணாமற்போனார். ஜனாதிபதித் தேர்தலுக்கு அப்போது இரண்டே நாட்கள். அவர் வெளிநாட்டில் தஞ்சமடைந்திருப்பதாக 2011 இல் ஜெனீவாவில் ஐ.நா. சித்திரவதைக்கெதிரான குழுவிடம் அரச தரப்பில் மொஹான் பீரிஸ் சொன்னார். அடுத்த ஆண்டு ஹோமாகம நீதிமன்றத்தில் கேட்டபோது, அந்தத் தகவல் எங்கிருந்து வந்தது என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஒரு குடும்பத்தின் தேடலைத் திசைதிருப்பக்கூடிய கூற்றை உலக மன்றத்தில் வைத்துவிட்டு, மூலத்தைக் காட்டாமல் போவது மன்னிக்க முடியாதது.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

பொய் சொன்னது அரசு மட்டுமா? இல்லை, போர்ப் பகுதியில் மக்களைத் தடுத்து வைக்கவில்லை என்று 2009 இல் விடுதலைப் புலிகள் சொன்னதையும் ஐ.நா. நிபுணர் குழு ஏற்கவில்லை.

கேலிச்சித்திரம் நீதிமன்றத்தில் சாட்சியமாகுமா? ஆகாது.

அது நிகழ்நிலைக் காப்புச் சட்டப்படி 'பொய்யான கூற்று' ஆகுமா? எச்சரிக்கை, கருத்து, நல்லெண்ணத்தில் செய்த குற்றச்சாட்டு ஆகியவற்றுக்கு அந்தச் சட்டத்தின் வரைவிலக்கணம் விலக்கு அளிக்கிறது. கேலிச்சித்திரம் என்று அதில் பெயர்சொல்லி எழுதவில்லை.

நல்லெண்ணம் என்று முதலில் யார் முடிவு செய்வது? அரசியலமைப்புப் பேரவையின் ஒப்புதலோடு ஜனாதிபதி நியமிக்கும் ஐவர் ஆணைக்குழு.