நிழலிலும் வெள்ளை வெள்ளையே

வெயிலில் உலரும் கறுப்புச் சேலை, குழித்தறியின் மங்கலில் உள்ள வெள்ளை வேட்டியைக் காட்டிலும் பன்மடங்கு ஒளியைக் கண்ணுக்கு அனுப்புகிறது. எனினும் கறுப்பு கறுப்பாகவும், வெள்ளை வெள்ளையாகவுமே தோன்றுகின்றன. காரணம் யாது?

கண் ஒளியின் அளவை மட்டும் நோக்குவதில்லை. அண்டையிலுள்ள பரப்புகளோடு ஒப்பிட்டே வெண்மையை மதிப்பிடுகிறது. உளவியல் அறிஞர் ஹான்ஸ் வாலாக் 1948-இல் ஒரு வட்டத்தையும் அதைச் சூழ்ந்த வளையத்தையும் கொண்டு இதனைச் சோதித்தார். இரண்டின் ஒளியும் ஒரே விகிதத்தில் கூடினாலும் குறைந்தாலும், வட்டத்தின் சாயல் ஏறத்தாழ மாறாமலே தோன்றிற்று.

இவ்வியல்பே நம்மை ஏமாற்றவும் கூடும். அதனினும் வெண்மையானது அருகில் இல்லாவிடில், சற்றுப் பழுத்த நூலும் தூய வெள்ளையாகவே தோன்றும். சங்கத்தில் மாதிரித் துணியருகே வைத்ததும் குறை வெளிப்படும். இதனால் ஓர் அங்கத்தினரின் கூலியில் பிடித்தம் நேர்ந்ததை நான் கண்டதுண்டு; அவர் உழைப்பில் யாதொரு குறையும் இல்லை.

ஆகவே அங்கத்தினர்கள் பாவு போடுமுன்னரே, நூலையும் மாதிரியையும் அருகருகே வைத்து, ஒரே பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பார்களாக.