தேடலின் இலக்கணம்

பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயங்கள் இடிந்தன, மக்கள் ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் பிற பட்டணங்களுக்கும் குடிபெயர்ந்தனர். தோட்டத்தின் பெயரை மட்டும் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் சில எஞ்சி நிற்கின்றன. அப்பள்ளியின் வரலாற்றை எழுதப் புகும் ஆசிரியருக்கும், பாட்டனார் பால் வெட்டிய தோட்டத்தைப் பற்றி அறிய விரும்பும் மாணவருக்கும், கேட்டுத் தெளிய முதியோர் அருகி வருகின்றனர். இனிச் சான்று ஏடுகளிலேதான் உண்டு. அவ்வேடுகளுட் பல இப்பொழுது இணையத் தொகுப்புகளில் ஏறியுள்ளன.

சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் 'நியூஸ்பேப்பர் எஸ்ஜி' என்னும் தொகுப்பில், 1845-இல் தொடங்கிய 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' முதலிய பழைய நாளிதழ்களைக் காணலாம். 'ஜேஸ்டோர்' தொகுப்பில் ஆராய்ச்சி இதழ்கள் உள்ளன. ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் 2005-இல் தோன்றிய 'நூலகம்' திரட்டித் தருகிறது. செல்வம் குவிந்திருக்கிறது; திறவுகோல்தான் பலர் கையில் இல்லை. ஒரு சொல்லைத் தட்டிப் பார்த்து, 'முடிவு ஏதுமில்லை' என்ற விடை வந்ததும், 'அப்படி ஒரு செய்தியே இல்லை' என்று எழுதிவிடுகின்றனர். கிட்டாதது வேறு, இல்லாதது வேறு. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவதே நுண்தேடல் வசதிகளின் பயன்.

மூன்று இணைப்புகள்

இத்தகைய தொகுப்புகள் பெரும்பாலும் எழுத்தோடு எழுத்தை ஒப்பிட்டுப் பார்ப்பவை; பொருளை உணர்பவை அல்ல. ஆதலின் கேள்வியை ஒழுங்குற அமைக்கும் பொறுப்பு தேடுவோரையே சாரும். அவ்வொழுங்கிற்கு அடிப்படையான தருக்கத்தை ஜார்ஜ் பூல் என்னும் கணித அறிஞர் 1854-இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்தார். அதன் வழிவந்த இணைப்புகள் மூன்று: 'அண்ட்', 'ஆர்', 'நாட்'. தமிழாசிரியர்களுக்கு இவை புதியன அல்ல. முன்னது எண்ணும்மை போன்றது. இரு சொல்லும் வரவேண்டும் என்பது. அடுத்தது 'அல்லது' என்பது. இரண்டில் ஒன்று வந்தாலும் போதும். மூன்றாவது விலக்கு. முதலாவது விளைவைச் சுருக்கும், இரண்டாவது விரிக்கும், மூன்றாவது வெட்டும். 'ஜேஸ்டோர்' போன்ற தளங்களில் இவற்றை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் தட்டவேண்டும்.

எடுத்துக்காட்டாக, தோட்டத் துண்டாடலைக் கருதுக. 1950-களில் பெருந்தோட்டங்கள் துண்டுபட்டு விற்கப்பட்டபோது தொழிலாளர் வாழ்விழந்தனர். அந்நிலைக்கு மாற்றாகவே துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். இதனை ஆங்கில ஏடுகளில் தேடுவோர் 'பிராக்மென்டேஷன்' என்று மட்டும் இட்டால், உங்கு அப்துல் அஜீஸ் அளித்த ஆய்வறிக்கை அகப்படாமற் போகலாம். அதன் தலைப்பில் உள்ள சொல் 'சப்டிவிஷன்'. எனவே இரு சொல்லையும் 'ஆர்' கொண்டு இணைத்து, அடைப்புக்குறிக்குள் வைத்து, பின்னர் 'அண்ட் பேராக்' என்று சேர்த்தல் வேண்டும். அடைப்புக்குறி இன்றேல், பல தளங்கள் 'அண்ட்' என்பதையே முதலில் கொள்ளும். முதற்சொல் பேராக்கோடு ஒட்டாமல், உலகத்து நிலப்பிரிவினைச் செய்திகளெல்லாம் வந்து குவியும்.

விலக்கினைக் கையாள்வதில் எச்சரிக்கை வேண்டும். 1948 ஜூன் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்டக்காரர் மூவர் கொல்லப்பட்டனர். அன்றே பேராக், ஜொகூர் மாநிலங்களின் சில பகுதிகளில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. பேராக் செய்தி மட்டும் போதுமென்று 'நாட் ஜொகூர்' என இட்டால், இரு மாநிலங்களையும் சேர்த்துக் கூறும் முதன்மையான செய்திகளே மறைந்துவிடும். இங்கு விலக்கைவிடக் கால வரம்பு நன்று. ஜூன் 16 முதல் மாத இறுதிவரை என்று வரையறுத்தால் தேவையற்றன தாமே ஒழியும்.

பெயரும் எழுத்தும்

இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்ட தொடரை அவ்வாறே தேடும் வசதி மிகப் பயனுடையது. எனினும் பழைய பெயரை அறியாதார்க்கு அதுவே தடையாகும். 1972-இல் மலாய் எழுத்துமுறை திருந்துவதற்கு முன் 'சுங்கை' என்னும் சொல்லை ஆங்கில ஏடுகள் 'சுங்கெய்' என்று ஒலிக்கும் எழுத்துகளால் எழுதின. இன்றைய தெலுக் இந்தான் 1982 வரை தெலுக் ஆன்சன். பழைய ஏட்டிற்குப் பழைய பெயரே திறவுகோல்.

ஆளின் பெயரைத் தேடும்போது, ஆசிரியர் என்னும் கட்டத்தையும் பொருள் என்னும் கட்டத்தையும் பிரித்தறிதல் வேண்டும். 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடைபெற முன்னின்ற தனிநாயகம் அடிகளை முன்னதில் இட்டால் அவர் எழுதியவை வரும். பின்னதில் இட்டால் அவரைப் பற்றிப் பிறர் எழுதியவை வரும். ஆங்கிலத்தில் அவர் பெயரை ஒரு சொல்லாகவும் இரு சொல்லாகவும் எழுதியுள்ளமையால் இரண்டையும் தேடுதல் முறை.

தமிழுக்கே உரிய இடர்கள்

தமிழில் தேடுவோர் புணர்ச்சியை மறத்தலாகாது. 'தோட்டம்' என்று இட்டால், அத்துச் சாரியை பெற்ற 'தோட்டத்தில்', 'தோட்டத்தை' என்பன வாராமற் போகலாம். ஈற்றெழுத்தை நீக்கி, 'தோட்ட' என்பதன் பின் உடுக்குறி இட்டால், அக்குறியை ஏற்கும் தளங்களில் இவையனைத்தும் வரும். 'வீடு' என்பதோ 'வீட்டில்' என ஒற்று இரட்டிக்கும். ஆகவே 'வீடு', 'வீட்' என்னும் இரண்டிற்கும் உடுக்குறியிட்டு 'ஆர்' கொண்டு இணைக்கவேண்டும். அளவு மீறிக் குறுக்கினாலும் தீங்குண்டு. 'பள்ளி' என்பதற்கு உடுக்குறி இட்டால் பள்ளிக்கூடத்தோடு பள்ளிகொண்ட பெருமாளும் எழுந்தருளுவார்! 'தோட்டப் பள்ளி' என்று பிரித்தும் 'தோட்டப்பள்ளி' என்று சேர்த்தும், 'பேராக்' என்றும் 'பேரா' என்றும் தேடிப் பார்த்தல் நலம்.

மற்றோர் இடர் அச்செழுத்தைப் பற்றியது. ஏட்டின் படத்தைக் கணினி எழுத்தாக மாற்றும்போது பிழைகள் நேர்கின்றன. தமிழக அரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் லை, னை, ணை, ளை, றா, னா, ணா முதலியன வேறு வடிவில் அச்சாயின. புதிய வடிவிற் பழகிய கருவி அவற்றைத் தவறாகப் படிக்கக்கூடும். 'வேலைநிறுத்தம்' கிட்டாதபோது, அவ்வெழுத்துகள் இல்லாத 'சம்பளம்', 'தொழிலாளர்' போன்ற சொற்களால் தேடுவது வழி. அதுவும் பயன்படாதெனில், நாளைக் குறித்துப் பக்கங்களைத் தாமே புரட்டிப் பார்ப்பதே முடிவான முறை.

ஆசிரியர் மாணவர்க்குப் பயிற்றவேண்டிய வழக்கம் ஒன்றுண்டு. எந்தத் தொகுப்பில், எந்தச் சொற்களால், எந்தக் கால வரம்பில், எந்நாளில் தேடப்பட்டது என்பதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தல் அது. அக்குறிப்பு இருந்தால், விடுபட்டதைப் பின்வருவோர் தொடர்ந்து தேடலாம். அது இன்றி 'சான்று இல்லை' என்று ஒரு மலரில் அச்சேறிவிட்டால், அடுத்த தலைமுறை அதையே சான்றாகக் கொள்ளும். ஒரு தோட்டத்து மக்களின் வாழ்வு இரண்டாம் முறையாகவும் அழிக்கப்படும்.