படிமுறைக் கோப்பை ஆக்கும் நிரல்

திருகோணமலைத் துறைமுகத்தின் சீனக்குடாப் பகுதியிலுள்ள பிறிமா மாவாலையில், கப்பலில் வந்திறங்கும் கோதுமை தூய்மையாக்கல், அரைத்தல், சலித்தல், பொதிசெய்தல் முதலிய படிகளை வரிசையாகக் கடந்தே மாவாக வெளிச்செல்கின்றது. ஒரு படியிற் குறை காணப்படின் அடுத்த படிக்குச் செல்லுதல் தகாது. மென்பொருள் ஆக்கத்திலும் இத்தகைய ஒழுங்கொன்று உண்டு. அதுவே தொடர் ஒருங்கிணைப்பு எனப்படும்.

பலர் கூடி ஒரு மென்பொருளை எழுதுங்கால், ஒவ்வொருவர் எழுதிய பகுதியும் பொதுத் தொகுப்பிற் சேர்ந்தவுடனே அதனைக் கட்டமைத்துச் சோதித்துப் பிழையுண்டேல் அறிவித்தலே இதன் தொழில். 1999 இல் கென்ற் பெக் எழுதிய நூல் இம்முறையைப் பரப்பியது. 2011 இல் ஜென்கின்ஸ் என்னும் பெயர் பெற்ற கருவியும், 2019 இல் இத்தொழிலை ஏற்ற கிட்ஹப் அக்‌ஷன்ஸ் சேவையும் இதனை எளிதாக்கின. இன்று பெரும்பாலும் இப்படிகள் யாமல் என்னும் வடிவிலமைந்த கோப்பொன்றில் எழுதப்படுகின்றன.

ஒரு கோப்பாயின் கையால் எழுதலாம். நாற்பது தொகுப்புகளுக்கு நாற்பது கோப்புகள் வேண்டுமாயின், ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்படும். ஒன்றிற் செய்த திருத்தம் ஏனையவற்றிற் செய்யப்படாது விடுபடும். சிறு வழுவும் பெருந்தீங்காகும். பைதன் மொழியின் 3.10 ஆம் பதிப்பு 2021 இல் வெளிவந்தது. அவ்வெண்ணை மேற்கோட்குறியின்றி எழுதினால், யாமல் அதனைத் தசம எண்ணாகக் கொள்ளும். இறுதிச் சுழி மறைந்து 3.1 ஆகும். அதுவோ 2009 இல் வெளிவந்த பழம் பதிப்பு!

இக்குறையை நீக்கும் வழி யாது? கோப்பை நேரே எழுதாது, அதனை ஆக்கும் நிரலை எழுதுதலே. இதற்கென அமைந்த நிரல் நூலகத்தில், படி ஒவ்வொன்றும் ஓர் உறுப்பாகக் கொள்ளப்படும். பதிப்பெண்களின் பட்டியலை ஓரிடத்திற் கொடுத்தால், நிரல் ஒவ்வொன்றுக்கும் உரிய படியை ஆக்கி, வேண்டுமிடத்து மேற்கோட்குறியும் இட்டுக் கோப்பை எழுதித்தரும். இல்லாத படியொன்றைச் சுட்டினால், கோப்புப் பிறக்குமுன்னரே பிழை வெளிப்படுமாறும் செய்யலாம்.

இக்கருத்திற்கு அணித்தான சான்று நம் நாட்டிலேயே உளது. 2005 இல் தோன்றி, கொழும்பிற் பணிமனை கொண்ட டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம் பலரினா என்னும் நிரல்மொழியை உருவாக்கியது, அதன் 1.0 பதிப்பு 2019 இல் வெளிவந்தது. மென்பொருளை மேகக் கணிமையில் நிறுவுதற்கு வேண்டிய டொக்கர், குபர்நெட்டிஸ் கோப்புகளை, எழுதிய நிரலிலிருந்து அம்மொழியின் தொகுப்பியே ஆக்கித்தர வல்லது. சோதனைக்கு அடுத்த கட்டமாகிய நிறுவுதலிலும் இவ்வுத்தி பயன்படுதல் காண்க.

எனினும் எச்சரிக்கை இரண்டு உள. ஆக்கப்பட்ட கோப்பைக் கையால் திருத்தலாகாது. மறுமுறை ஆக்கும்போது அத்திருத்தம் அழிந்துபோம். மேலும், கையெழுத்துப் பிழை ஒரு கோப்பையே கெடுக்கும். நிரற்பிழையோ நாற்பதையும் ஒருங்கே கெடுக்கும். ஆதலின் புதிதாக ஆக்கிய கோப்பைப் பழையதனோடு ஒப்புநோக்கிய பின்னரே ஏற்றல் வேண்டும்.

இத்தொழிலை நாடும் மாணவர் உணரத்தக்கது ஒன்றுண்டு. நூலகம் எழுதித்தருவது கோப்பின் உருவத்தை மட்டுமே. எதனைச் சோதித்தல் வேண்டும், எப்பிழைக்காக நிறுத்தல் வேண்டும் என்பவற்றைத் துணிதல் மனிதர் கடனேயாம்.