பதிவு எண் உள்ள மன்றம்

மன்றம் வளர்ந்த கதை – 11

1986 ஜூலை. மதுரையில் எம்.ஜி.ஆர். மன்ற மாநாடு. ஊர் ஊராக வேன் பிடித்து, லாரி பிடித்து வந்து இறங்கிய கூட்டத்தில் ஆண்டிபட்டிக்காரர்களுக்கு மட்டும் ஒரு தனி உரிமை இருந்தது. மேடையில் இருந்தவர் தமிழ்நாட்டுக்கே முதலமைச்சர், எம்.எல்.ஏ.வாக இருந்ததோ அவர்கள் ஊருக்கு.

அந்த மாநாட்டில் எடுத்த ஒரு புகைப்படம் இன்றும் சுவரொட்டிகளில் வருகிறது. அப்போது மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ஜெயலலிதா, எம்.ஜி.ஆருக்கு வெள்ளிச் செங்கோல் கொடுக்கும் படம். மதுரைக்கு இது புதிதும் இல்லை. 1958இல் ‘நாடோடி மன்னன்’ வெற்றி விழாவை இதே மதுரைதான் கொண்டாடி, எம்.ஜி.ஆருக்குத் தங்க வாள் பரிசளித்தது. வாள் வாங்கியபோது அவர் நடிகர். செங்கோல் வாங்கியபோது முதலமைச்சர். இடைப்பட்ட 28 ஆண்டுகளில் விசிலடித்த கூட்டம் மன்றமாகி, மன்றம் கட்சிக்கு அடித்தளமாகியிருந்தது.

படத்தில் மேடை தெரிகிறது. மேடைக்குக் கீழே யார் எங்கே இருந்தார்கள், முன்னால் வர யாருக்கு அனுமதி, கயிற்றுக்கு வெளியே நின்றவர் யார் என்பதுதான் இந்த வாரக் கதை. ரசிகனாக இருப்பதில் எத்தனை படிகள் உண்டு? ஒவ்வொரு படிக்கும் என்ன விலை, என்ன பலன்?

இன்றைக்கு இந்தக் கேள்விக்கு விலைப்பட்டியலே இருக்கிறது. 2024 பிப்ரவரி 17, 18 தேதிகளில் சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் காமிக் கான் முதன்முறையாக நடந்தது. உள்ளே போக மட்டும் ஒரு டிக்கெட். பை நிறையப் பொருள்களோடு வரும் ‘சூப்பர்ஃபேன்’ டிக்கெட் இன்னொன்று. ஸ்பைடர்மேன் வேடத்தில் வந்த கல்லூரிப் பையன்கள், எதை வாங்கினால் கட்டுபடியாகும் என்று கணக்குப் போட்டுத்தான் வாங்கினார்கள். அமெரிக்காவில் இது இன்னும் துல்லியம். லாஸ் வேகஸில் நடக்கும் ‘ஸ்டார் டிரெக்’ ரசிகர் மாநாட்டில் ‘கோல்டு’ வகுப்பு வாங்கினால், மாநாடு முடிகிறவரை ஒரே நாற்காலி உங்களுடையது. நடிகர்களின் கையெழுத்தும் அந்தக் கட்டணத்துக்குள் அடக்கம். அதற்கும் மேலே ‘கேப்டன் நாற்காலி’ என்றொரு வகுப்பு. பணம் கட்டினால் நாற்காலி. அதற்கு மேல் யாரும் யாருக்கும் எதுவும் கடன்படவில்லை.

இவற்றையெல்லாம் விட ஓர் ஏற்பாடு மனதைத் தொடுகிறது. 1939இல் நியூயார்க்கில் தொடங்கிய உலக அறிவியல் புனைகதை மாநாட்டில், நேரில் வருபவருக்கு ஒரு உறுப்பினர் வகுப்பு, வர முடியாதவருக்கு அதைவிடக் குறைந்த கட்டணத்தில் இன்னொன்று என்று வெகு காலமாக வழக்கம். வராதவருக்கு நாற்காலி கிடையாது, ஆனால் ஹியூகோ விருதுக்கு ஓட்டு உண்டு. தொலைவில் இருக்கும் ரசிகனுக்குக் கொடுக்கத்தக்கது எது என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

ஆண்டிபட்டி இதைத் தலைகீழாகச் செய்தது. இங்கே ரசிகர்கள் நேரில் இருந்தார்கள்; நட்சத்திரம்தான் வர முடியாத தொலைவில் இருந்தார். 1984 அக்டோபர் 5ஆம் தேதி எம்.ஜி.ஆர். சென்னை அப்பல்லோவில் சேர்க்கப்பட்டார். நவம்பர் 5ஆம் தேதி நியூயார்க் புரூக்ளின் மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். சட்டமன்றத் தேர்தலுக்கு டிசம்பர் 24 வாக்குப்பதிவு. அவர் உயிரோடு இருக்கிறாரா என்றே சந்தேகம் கிளப்பப்பட்ட நாட்களில், மருத்துவமனையில் எடுத்த வீடியோ ஊர் ஊராகத் திரையிடப்பட்டது. கட்சியின் முன்னணித் தலைவர் ஆர்.எம். வீரப்பன் முன்னின்று செய்த வேலை அது. ஒருமுறைகூடத் தொகுதிப் பக்கம் வராத வேட்பாளருக்கு ஆண்டிபட்டி 32 ஆயிரத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் வெற்றி கொடுத்தது. வேட்பாளருக்குப் பதிலாகத் தெருத்தெருவாக நடந்த கால்களில் பெரும்பங்கு மன்றத்துக்காரர்களுடையது.

அப்படி நடந்தவனுக்கு மதுரையில் எந்த வரிசை?

இதற்குப் பதில் தெரிய, மன்றத்தின் ஏணியைக் கீழிருந்து பார்க்க வேண்டும். முதல் படியில் மன்றமே இல்லை, கொட்டகைதான் இருந்தது. டூரிங் டாக்கீஸில் தரை டிக்கெட், பெஞ்சு, சேர் என்று வகுப்பு வகுப்பாக ஆட்கள் பிரிந்து உட்கார்ந்த காலம். மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து, திரைக்கு வெகு அருகில் கழுத்தை நிமிர்த்திப் பார்த்தவன் கொடுத்ததுதான் மிகக் குறைந்த காசு. சத்தம் மட்டும் அவனுடையதுதான் பெரிது. ஆள்களுக்கு வகுப்பு இருந்ததுபோல ஊர்களுக்கும் வகுப்பு இருந்தது. மதுரை ஏ சென்டர்; ஆண்டிபட்டி போன்ற ஊர்கள் சி சென்டர். மதுரையில் ஓடி முடிந்து, பிரிண்ட் தேய்ந்து, கோடு விழுந்த பிறகுதான் படப்பெட்டி கணவாயைத் தாண்டி வரும். மதுரையில் முதல் நாள் பார்த்தவன் திரும்பி வந்து டீக்கடையில் கதை சொன்னால், அன்றைக்கு அவன்தான் அந்த ஊருக்குப் பெரிய மனிதன்.

மன்றம் வந்த பிறகு இந்த வரிசை மாறியது. ஒரு தெருவில் இளைஞர்கள் சேர்கிறார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் தேர்வாகிறார்கள். பெயர்ப் பட்டியலும் விண்ணப்பமும் மாவட்ட மன்றம் வழியாகத் தலைமை மன்றத்துக்குப் போகின்றன. அங்கிருந்து பதிவு எண் வருகிறது. அந்த எண் வந்த நாளில் லெட்டர்பேடு அச்சடிப்பார்கள், ரப்பர் ஸ்டாம்ப் செய்வார்கள், தகரப் பலகையில் மன்றத்தின் பெயருக்குக் கீழே எண்ணை எழுதி முச்சந்தியில் நடுவார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது வெறும் எண். தலைநகரத்தில் ஒரு பதிவேட்டில் தன் தெருவின் பெயர் இருக்கிறது என்பதற்கு அந்த இளைஞனிடம் இருந்த ஒரே சான்று அதுதான். ரேஷன் கார்டையும் வாக்காளர் பட்டியலையும் தவிர வேறெந்தக் காகிதத்திலும் பெயர் ஏறாத ஒருவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சொல்லி மாளாது.

1980களின் நடுவில் மதுரையில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் சாரா டிக்கி, தமிழ் சினிமாவையும் நகர்ப்புற ஏழைகளையும் பற்றி 1993இல் ஒரு நூல் வெளியிட்டார். மன்றங்களை அவர் வெறிக்கூட்டமாக எழுதவில்லை. ரத்ததானம், வெள்ளத்துக்கும் தீவிபத்துக்கும் உதவி, பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் என்று அவர்கள் செய்த நற்பணிகளை விரிவாகப் பதிவு செய்தார். அந்தப் பணிகள்தான் மன்றத்தில் மேலே ஏறுவதற்கான கட்டணம். தண்ணீர்ப் பந்தல் வைத்தவன், ராத்திரி முழுக்கத் தோரணம் கட்டியவன், கட்அவுட்டுக்குச் சவுக்குக் கம்பு சுமந்தவன் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தான். கிளைச் செயலாளர், ஒன்றியப் பொறுப்பாளர், மாவட்ட நிர்வாகி. ரூபாயில் கணக்குப் பார்த்தால் யாராலும் ஈடுகட்ட முடியாத விலை அது.

பலன் என்ன? முதல் காட்சிக்கு மன்றத்துக்கென்று ஒதுக்கும் டிக்கெட் கட்டு ஒன்று. அதை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம் இன்னொன்று. மாநாட்டுக்குப் போகும் வேனில் டிரைவர் பக்கத்து இருக்கை. நெஞ்சில் பேட்ஜ். எல்லாவற்றுக்கும் மேலே, சுவரொட்டியில் பெயர். யார் பெயர் முதலில், யார் பெயர் பெரிய எழுத்தில், யாருக்குப் படத்தோடு என்பதில் ராத்திரி ரெண்டு மணி வரை அச்சகத்தில் பஞ்சாயத்து நடந்ததுண்டு. போலீஸ் ஸ்டேஷனிலும் அரசு ஆஸ்பத்திரியிலும் “நான் மன்றத்துச் செயலாளர்” என்று சொன்னால் உட்காரச் சொல்வார்கள் என்ற நம்பிக்கையும் இந்தப் பலன்களில் சேரும். லாஸ் வேகஸ் நாற்காலிக்கு இந்த வலிமை கிடையாது. மாநாடு முடிந்த மறுநாள் அது வெறும் நாற்காலி.

ஆனால் இந்த ஏணியில் ஏறக் கால்கள் மட்டும் போதாது, நேரமும் வேண்டும். ஆண்டிபட்டியும் அதை ஒட்டிய சக்கம்பட்டியும் நெசவு ஊர்கள். சக்கம்பட்டி பருத்திச் சேலைக்குத் தனிப் பெயர் உண்டு. நெய்த சேலைக்குத்தான் கூலி. தறி நின்றால் கூலியும் நின்றது. மதுரைக்குப் போய்வர ஒரு நாள், மாநாட்டில் ஒன்றிரண்டு நாள் என்றால் அந்த வாரத்துச் சேலை பாவிலேயே நிற்கும். பேட்ஜ் குத்திக்கொண்டு முன்வரிசைக்குப் போனவர்களைவிட, போக முடியாமல் தறிக்குழியில் காலை வைத்துக்கொண்டு பாட்டைக் கேட்டவர்கள்தான் அதிகம்.

பெண்களுக்கு இந்த ஏணியில் முதல் படியே இல்லை. எம்.ஜி.ஆருக்கு விழுந்த ஓட்டில் பெண்களின் ஓட்டு எவ்வளவு பெரிய பங்கு என்று அரசியல் தெரிந்த எல்லோரும் சொல்வார்கள். தார் சுற்றும் கைகளோடு அவரைக் கொண்டாடிய அந்தப் பெண்களிடம் உறுப்பினர் அட்டை கிடையாது, லெட்டர்பேடு கிடையாது, வேனில் இடம் கிடையாது. மன்றங்கள் ஏறக்குறைய முழுக்க ஆண்களின் இடமாகவே இருந்தன. ரசிகர் மன்றங்களின் வரலாற்றில் ஆறாத குறை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

பதிவு எண்ணின் மதிப்பு எம்.ஜி.ஆரோடு முடியவில்லை. ரஜினிகாந்த் மன்றங்கள் பெருகிய வேகத்தில், ஒரு கட்டத்தில் தலைமை புதிய பதிவை நிறுத்தியது. அதன்பின் பதிவு பெற்ற மன்றம், பதிவு பெறாத மன்றம் என்று இரண்டு சாதி உண்டானது. இருவரும் ஒரே படத்துக்குத்தான் பாலாபிஷேகம் செய்தார்கள். ஆனால் 2017இல் ரஜினி ரசிகர்களைச் சந்திக்க முடிவெடுத்தபோது வித்தியாசம் வெளியே தெரிந்தது. ஏப்ரலில் நடப்பதாக இருந்த சந்திப்பு தள்ளிப்போனது. கூட்டமாக நின்று எடுக்கும் படம் வேண்டாம், தலைவரோடு தனித்தனியாக ஒரு படம் வேண்டும் என்று ரசிகர்கள் கேட்டார்கள். மே மாதம் கோடம்பாக்கம் ராகவேந்திரா திருமண மண்டபத்தில் மாவட்டம் மாவட்டமாக அழைத்து, ஒவ்வொருவரோடும் படம் எடுத்துக்கொண்டார். அட்டை இருந்தவர்களுக்கு மட்டும் அனுமதி. சில நொடி நேரப் படம். அதற்காக ஒருவர் செலவழித்திருந்தது இருபது, முப்பது வருட இளமை. டிசம்பரில் நடந்த இரண்டாவது சுற்றின் கடைசி நாளான 31ஆம் தேதிதான் அரசியலுக்கு வருவதாக அறிவித்தார். அந்த முடிவு 2020 இறுதியில் கைவிடப்பட்டது. 2021 ஜூலையில் ரஜினி மக்கள் மன்றம் கலைந்து மறுபடி நற்பணி மன்றமானது. அந்தப் படம் மட்டும் இன்றும் எத்தனையோ வீட்டுக் கூடங்களில் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

அஜித் வேறு வழி எடுத்தார். 2011இல் தன் மன்றங்களை மொத்தமாகக் கலைத்தார். ஒரே அறிக்கையில் தலைவர், செயலாளர், மாவட்டம் எல்லாம் போயின, ரசிகர்கள் போகவில்லை. விஜய் இன்னொரு பக்கம் போனார். 2009இல் மக்கள் இயக்கம், 2024 பிப்ரவரியில் கட்சி, மார்ச் 8ஆம் தேதி கைப்பேசிச் செயலி வழியாக உறுப்பினர் சேர்க்கை. தகரப் பலகைக்கும் ரப்பர் ஸ்டாம்புக்கும் அலைந்த தலைமுறையின் பேரன், அட்டையை அரை நிமிடத்தில் போனில் இறக்கிக்கொண்டான். 2024 அக்டோபர் 27 விக்கிரவாண்டி மாநாட்டிலும் 2025 ஆகஸ்ட் 21 மதுரை பாரபத்தி மாநாட்டிலும் மேடையிலிருந்து கூட்டத்துக்குள் நீண்ட நடைமேடை அமைத்தார்கள். முன்வரிசை என்பது ஒரே இடத்தில் இருந்தால்தானே சண்டை. தலைவரே நடந்து வந்தால் அவர் போகிற வழியெல்லாம் முன்வரிசை. அட்டை சுலபமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகும் பக்கத்தில் போகும் ஆசை குறையவில்லை என்பதை அந்த நடைமேடையின் நீளமே சொல்கிறது.

எம்.ஜி.ஆர். மன்றத்தில் இன்னொரு அட்டையும் இருந்தது. தொலைந்துபோகாது, புதுப்பிக்க வேண்டாம், திருப்பிக் கொடுக்கவும் முடியாது. 1970களில் கட்சிக் கொடியைப் பச்சை குத்திக்கொள்ளும்படி எம்.ஜி.ஆர். தொண்டர்களைக் கேட்டுக்கொண்டார். கட்சியின் மூத்தவர்கள் சிலர் தயங்கினார்கள். கிளை மன்றத்துப் பையன்கள் தயங்கவில்லை. கொடியைக் குத்தினார்கள், இரட்டை இலையைக் குத்தினார்கள். ஒன்றியப் பொறுப்பும் மாவட்டப் பொறுப்பும் கிடைக்காதவன்கூட இந்த ஒரு படியில் யாருக்கும் குறைந்தவனாக இல்லை.

1987 டிசம்பர் 24ஆம் தேதி எம்.ஜி.ஆர். காலமானார். ஆண்டிபட்டி அவருக்கு ஓட்டுப் போட்டு அன்றோடு சரியாக மூன்று ஆண்டு. கட்சி இரண்டானது, மன்றங்களும் இரண்டாயின. 1989 ஜனவரித் தேர்தலில் ஜானகி அம்மாள் கணவரின் தொகுதி என்று ஆண்டிபட்டியில் நின்றார். ஜெயலலிதா பக்கத்திலேயே போடிநாயக்கனூரில் நின்றார். தேர்தல் ஆணையம் இரட்டை இலையை முடக்கியிருந்தது. ஒருவருக்கு இரட்டைப் புறா, மற்றவருக்குச் சேவல். போடியில் சேவல் வென்றது, ஆண்டிபட்டியில் புறா தோற்றது. முழங்கையில் இரட்டை இலை பச்சை குத்தியவர்கள் அன்று வாக்குச்சாவடிக்குள் போய்ச் சீட்டை விரித்துப் பார்த்தபோது, அதில் இரட்டை இலை இல்லை.

அந்த நாளிலிருந்து, 2002 இடைத்தேர்தலில் ஜெயலலிதா ஆண்டிபட்டிக்கு வந்து இறங்கும்வரை நடந்தது அடுத்த வாரம்.