நான்காம் இடம் அறிந்தவர்

2024 ஆகஸ்ட் 5. பாரிஸ் ஒலிம்பிக்கில் மகளிர் ஒற்றையர் பேட்மின்டன் பதக்க மேடை. தங்கம் தென் கொரியாவின் ஆன் சே-யங்குக்கு. வெண்கலம் இந்தோனேசியாவின் கிரெகோரியா மரிஸ்கா துன்ஜுங்குக்கு. வெள்ளி வாங்க வந்த சீன வீராங்கனை ஹே பிங்ஜியாவின் கையில் சிறிய சின்னம் ஒன்று இருந்தது. சட்டையில் குத்திக்கொள்ளும் ஸ்பெயின் ஒலிம்பிக் அணியின் சின்னம் அது. பதக்கத்தோடு அதையும் சேர்த்துப் பிடித்து அவர் புகைப்படத்துக்கு நின்றார்.

ஒரு நாள் முன்பு நடந்த அரையிறுதியில் அவரை எதிர்த்து ஆடியவர் ஸ்பெயினின் கரோலினா மரின். அவருக்காகத்தான் அந்தச் சின்னம். ஏன் அப்படிச் செய்தார் என்று புரிய, பிங்ஜியாவ் வந்த வழியைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில் உள்ள சுஜோ நகரில் 1997-இல் பிறந்தவர். இடக்கை ஆட்டக்காரர். வலக்கைக்காரர்களோடு ஆடிப் பழகியவர்களுக்கு, இடக்கையிலிருந்து ஷட்டில் வரும் கோணமே புதிராக இருக்கும். அதோடு கடைசி நொடி வரை மட்டையை நிறுத்தி, எங்கே அடிக்கப்போகிறார் என்று காட்டாமல் மெல்ல இறக்கிவிடும் கைப்பக்குவமும் அவருக்கு இருந்தது. 2014-இல் சொந்த மாகாணத்தின் நான்ஜிங் நகரில் நடந்த இளையோர் ஒலிம்பிக்கில் ஜப்பானின் அகானே யமகுச்சியை வென்று தங்கம் வாங்கியபோது அவருக்கு வயது 17.

சீன மகளிர் ஒற்றையர் ஆட்டத்தில் அடுத்த பெயர் அவருடையதுதான் என்று அப்போது தோன்றியதில் வியப்பில்லை. 2000 முதல் 2012 வரை நான்கு ஒலிம்பிக்கிலும் அந்தத் தங்கம் சீனாவுக்கே போனது. ஆனால் பிங்ஜியாவ் பெரிய அரங்குக்கு வந்த காலம் வேறு. மரின், ஜப்பானின் யமகுச்சி, ஒகுஹாரா, தைவானின் தாய் சூ-யிங், நம் பி.வி.சிந்து என்று நாடுதோறும் மலைகள் நின்றன. சொந்த அணியிலேயே சென் யூஃபெய் இருந்தார். 2018 உலக சாம்பியன்ஷிப் அதே நான்ஜிங்கில் நடந்தபோது, அரையிறுதியில் முதல் கேமை வென்றும் மரினிடம் தோற்று வெண்கலத்தோடு திரும்பினார். 2021-இல் மறுபடியும் உலக வெண்கலம்.

அதே 2021-இல்தான் டோக்கியோ ஒலிம்பிக். காலிறுதியில் ஒகுஹாராவை அவருடைய சொந்த மண்ணிலேயே வீழ்த்தினார். அரையிறுதியில் எதிரே வந்தவர் சென் யூஃபெய். மூன்று கேம் போராடித் தோற்றார். ஆகஸ்ட் 1 அன்று வெண்கலத்துக்கான ஆட்டத்தில் சிந்துவிடம் 13-21, 15-21. இரண்டு ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் என்று சிந்துவை நாடே கொண்டாடியது. வலையின் மறுபக்கம் நின்ற 24 வயதுப் பெண்ணை நாம் கவனிக்கவில்லை. ஒலிம்பிக்கில் நான்காம் இடத்தைவிடக் கொடிய இடம் இல்லை. முதல் சுற்றில் தோற்றவர் முன்பே ஊருக்குப் போய்விடுகிறார். நான்காவது வந்தவர் பதக்கத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறார்.

பிங்ஜியாவ் அத்தோடு ஓய்ந்துவிடவில்லை. 2022 அக்டோபரில் டென்மார்க் ஓப்பன், பிரெஞ்சு ஓப்பன் இரண்டையும் அடுத்தடுத்து வென்றார். பாரிஸில் நடந்த பிரெஞ்சு ஓப்பன் இறுதியில் அவர் வென்றது மரினை. கடைசி கேம் 22-20 வரை போனது.

2024 ஒலிம்பிக்குக்காக அதே நகரத்துக்கு வந்தார். டோக்கியோ தோல்விக்குச் சரியாக மூன்று ஆண்டு கழித்து, அதே ஆகஸ்ட் 1-இல், சிந்துவை 21-19, 21-14 என்று வென்றார். காலிறுதியில் நடப்புச் சாம்பியன் சென் யூஃபெய்யையும் நேர் கேம்களில் சாய்த்தார். டோக்கியோவில் தன்னைத் தடுத்த இருவரையும் தாண்டியாயிற்று. அடுத்தவர் மரின்.

ரியோ 2016-இல் தங்கம் வென்ற மரின், அதன் பிறகு இரண்டு முழங்கால்களிலும் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். அந்தக் காயத்தால் டோக்கியோவுக்கே போக முடியாதவர். பாரிஸ் அரையிறுதியில் முதல் கேமை 21-14 என வென்று, இரண்டாவதில் 10-6 என முன்னிலையில் இருந்தார். ஒரு ஷட்டிலை எட்டி எடுத்துத் தரையிறங்கியபோது வலது முழங்கால் மடங்கியது. பட்டை கட்டிக்கொண்டு திரும்பி வந்தார். இரண்டு புள்ளிகள் போயின. அதற்கு மேல் நிற்க முடியவில்லை. கோர்ட்டில் மண்டியிட்டுக் கதறினார். வலையைக் கடந்து வந்து ஆறுதல் சொன்னார் பிங்ஜியாவ். இறுதிக்குள் நுழைந்தவர் முகத்தில் மகிழ்ச்சியின் சாயலே இல்லை.

சீன பேட்மின்டனுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ரியோ அரையிறுதியில் மரினோடு ஆடிய சீனாவின் லி ஷூரூய், லண்டன் ஒலிம்பிக் சாம்பியன், முழங்கால் காயத்தோடு தோற்று, வெண்கல ஆட்டத்துக்கே இறங்க முடியாமல் போனார். எட்டு ஆண்டு கழித்து அதே கதி மரினுக்கு நேர்ந்தது. அவர் ஆட முடியாததால் வெண்கலம் ஆட்டமின்றியே துன்ஜுங்குக்குப் போனது. அன்று வலையின் இந்தப் பக்கம், இன்று அந்தப் பக்கம். முழங்காலுக்கு எந்த நாட்டுக் கொடியும் தெரியாது.

இறுதியில் பிங்ஜியாவ் 13-21, 16-21 என ஆன் சே-யங்கிடம் தோற்றார். சில வாரங்களில் சர்வதேசப் போட்டிகளிலிருந்து விடைபெற்றார். வயது 27. உலகப் பட்டமோ ஒலிம்பிக் தங்கமோ அவர் கணக்கில் இல்லை. வெறும் பட்டியலாகப் பார்த்தால், சீனாவின் பெரிய பெயர்களுக்குப் பின்வரிசையில்தான் அவரை வைப்பார்கள்.

எனக்கு அந்தப் பட்டியல் போதவில்லை. எதிராளி எதை இழந்தார் என்பதை அரங்கில் இருந்த எல்லோரையும்விட நன்றாக அறிந்தவர் எதிரே நின்று ஆடியவர்தான். அந்த மேடையில் இடம் மூன்று பேருக்குத்தான். மரினின் பெயருக்கு எதிரே நான்கு என்று எழுதப்பட்டது. அந்த நான்காமவருக்கும் மேடையில் ஓர் இடம் கிடைத்தது. அந்த இடத்தைத் தந்தவர், மூன்று ஆண்டுக்கு முன் டோக்கியோவில் நான்காவதாக நின்றவர்.