தொட்டால் ஒட்டாத நோய்

காட்டுப்பள்ளித் துறைமுகத்திலும், அத்திப்பட்டு அனல் மின்நிலையத்திலும், கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளிலும் உழைப்போர் தோலில் உப்புக்காற்றும் வெயிலும் சிமெண்டும் எண்ணெயும் நாள்தோறும் படுகின்றன. எனவே, முழங்கையிலோ தலையிலோ சிவந்த தடிப்பு எழுந்து வெள்ளிச் செதில்கள் உதிர்ந்தால், "வேலையால் வந்த சொறி" என்று சிலரும், "ஒட்டுவாரொட்டி" என்று வேறு சிலரும் முடிவு கட்டிவிடுகின்றனர். வீட்டில் தட்டும் தம்ளரும் தனியாகின்றன. பேசி முடித்த திருமணமும் நின்றுபோவதுண்டு.

சித்த மருத்துவர் காளாஞ்சகப்படை என்றும், ஆங்கில மருத்துவர் சோரியாசிஸ் என்றும் அழைக்கும் இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதன்று. 2014ஆம் ஆண்டு உலக சுகாதாரப் பேரவை இதனைத் தொற்றாத நீடித்த நோயென ஏற்றுத் தீர்மானம் இயற்றியது. உலகில் 10 கோடிக்குக் குறையாதோர் இதனால் வருந்துகின்றனர்.

அங்ஙனமாயின், இதன் காரணம் யாது? நம் உடலைக் காக்கும் வெள்ளையணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பச் சில புரதங்களைச் சுரக்கின்றன. இன்டர்லூக்கின்-17 அவற்றுள் ஒன்று. கிருமி நுழைந்தபோது எழவேண்டிய இந்த அபாயச் சேதி, கிருமி இல்லாதபோதும் ஓயாது எழுந்தால் தோல் அழற்சியுறுகிறது. ஏறத்தாழ ஒரு மாதத்தில் முதிர்ந்து உதிரவேண்டிய தோலணுக்கள் சில நாள்களிலேயே மேலெழுந்து செதிலாகக் குவிகின்றன.

இச்சேதியைத் தடுக்கும் ஊசிமருந்து 2015இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னரே, 2013இல், வெள்ளையணுவின் மற்றொரு புரதத்தைக் கட்டுப்படுத்தும் மருந்தைப் பெங்களூரின் பயோகான் நிறுவனம் வெளியிட்டது. நோய் மிகும்போது பீட்டா டிபென்சின்-2 என்னும் புரதம் குருதியில் உயர்வதையும், நோய் தணியும்போது குறைவதையும் ஆய்வாளர் கண்டுள்ளனர். யாருக்கு எம்மருந்து பயன்தரும் என்பதை இத்தகைய அடையாளப் புரதங்கள் முன்கூட்டியே உணர்த்துமா என்பதே இன்றைய ஆராய்ச்சி.

ஆயினும், இந்நோயை உறுதிசெய்யும் தனியொரு குருதிச் சோதனை இன்னும் வழக்கிற்கு வரவில்லை. மருத்துவரின் கண்ணும், தேவைப்படின் சிறு தோல்துண்டுச் சோதனையுமே வழி. ஆதலால் விளம்பரங்களை நம்பிப் பணம் இழக்க வேண்டாம். ஸ்டான்லி அரசு மருத்துவமனை போன்றவற்றின் தோல்நோய்ப் பிரிவை நாடுவோம். சிமெண்டால் வந்த ஒவ்வாமையா, சோரியாசிஸா என்பதை அவர்கள் பிரித்தறிவர். மூட்டுவலியோ காலை விறைப்போ இருப்பின் அதனையும் மறவாது கூறுதல் வேண்டும். இந்நோய் மூட்டுகளையும் தாக்கக்கூடும். ஸ்டீராய்டு மாத்திரைகளை நாமாகத் தொடங்குவதும் திடீரென நிறுத்துவதும் ஆபத்தானவை.

ஆராய்ச்சி முதிரக் காலம் பிடிக்கலாம். அதற்காகக் காத்திராமல் நாம் இன்றே செய்யக்கூடியது ஒன்றுண்டு. அந்தத் தனித் தட்டை அகற்றுவோம். நோயுற்றவரை எல்லாரோடும் ஒரே பந்தியில் அமர்த்துவோம்.